ஒன்பது நாள் சொல்லாதது

தாடை உடையும் சத்தம் பெரிதாக இருக்காது. காய்ந்த உப்புக் கட்டியைச் செருப்புக் காலால் மிதித்தால் வருமே, அவ்வளவுதான். எங்கள் சீஃபின் தாடை உடைந்தபோது நான் இருபது அடி தள்ளி நின்றிருந்தேன். அத்தனை கூச்சலில் அது உன் காதில் விழுந்திருக்க நியாயமே இல்லை என்று பிறகு பலர் சொன்னார்கள். விழுந்தது. இரும்புக் குழாயை வைத்திருந்தவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அடித்துவிட்டுத் தன் கையையே ஒரு தரம் குனிந்து பார்த்தான். பிறகு மறுபடியும் ஓங்கினான்.

இன்றைக்கு நான் மரக்காணத்தில், கடற்கரைச் சாலையை ஒட்டிய எடைமேடை ஒன்றில் உப்பு லாரிகளுக்கு எடை போட்டுக்கொண்டிருக்கிறேன். அதற்கு முன்னால் ஆறு வருடம் வெளிநாட்டில், அணு ஆயுதம் பரவாமல் தடுக்கும் சர்வதேச ஆய்வுக் குழு ஒன்றில் டெக்னீஷியனாக இருந்தேன். உப்பளத்துப் பெண்ணுக்கும் அணுகுண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதை விட்டுவிட்டேன். பாலிடெக்னிக்கில் கருவி பராமரிப்பு படித்தேன், பாண்டிச்சேரி கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன், கோட்டக்குப்பத்து ஏஜென்ட் ஒருவர் மூலம் வளைகுடாவுக்குப் போனேன், அங்கிருந்து இந்த வேலைக்கு எடுத்தார்கள். இதில் ஒரு மாயமும் கிடையாது. அந்தக் குழுவின் தலைமை ஆய்வாளரைத்தான் எல்லோரும் சீஃப் என்போம். எங்கோ குளிர்ப் பிரதேசத்துக்காரர், ஆறடி உயரம், சிரிப்பே வராத முகம். என் கைவேலையை அவருக்குப் பிடிக்கும். என் பையிலிருந்து கட்டிங் பிளேயரைக் கேட்காமலேயே எடுப்பார், துடைத்துத் திருப்பி வைப்பார். அந்த பிளேயரில் ஒரு பல் உடைந்திருக்கும். புதுசு வாங்கித் தருகிறேன் என்று அவர் சொன்னபோதெல்லாம் நான்தான் வேண்டாம் என்றேன்.

எந்த நாடு என்று சொல்ல மாட்டேன், கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்த நாட்டிடம் யுரேனியம் இருந்தது. அணுகுண்டுக்கு ஆகும் பதத்துக்கு அதைக் கொண்டுவர இன்னும் சில மாத வேலைதான் பாக்கி. பக்கத்து நாடு அதற்குப் பரம விரோதி. நீ குண்டு செய்தால் நானும் செய்வேன், செய்து முடிக்கும்வரை கை கட்டிக்கொண்டு இருக்கவும் மாட்டேன் என்று எல்லையில் பீரங்கியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. பல நாடுகள் நடுவில் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு செய்தன. யுரேனியம் முழுவதையும் பீப்பாய்களில் அடைத்து மூன்று அறைகளில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பூட்டின் மேல் முத்திரை, எதிரே கேமரா. மாதாமாதம் எங்கள் குழு போய்ப் பார்த்து இரண்டு நாட்டுக்கும் சொல்ல வேண்டும். எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது என்று நாங்கள் சொல்கிறவரை இவனும் செய்ய மாட்டான், அவனும் செய்ய மாட்டான். சர்வதேச ஒத்துழைப்பு என்று பேப்பரில் பெரிதாகப் போடுகிறார்களே, கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அது இரண்டு செப்புக் கம்பியும், கொட்டைப்பாக்கு அளவு ஓர் உலோக மூடியும்தான்.

அந்த முத்திரையைப் பலர் பூட்டு என்று நினைத்துக்கொள்கிறார்கள். சின்னப் பையன்கூட அதை அறுத்துவிடலாம். அது திருடனைத் தடுக்காது, ஆள் வந்து போனானா என்பதைக் காட்டிக்கொடுக்கும். வேலையில் சேர்ந்த முதல் நாள் ஒரு பெரிய அதிகாரி இதைப் படம் போட்டு ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்குக் கொட்டாவி வந்தது. எங்கப்பா செய்த வேலையே அதுதான்.

மழைக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் உப்பை அம்பாரமாகக் குவித்துக் கீற்று போட்டு மூடிவைப்பார்கள், விலை ஏறும்வரை. வடக்குக் கரைக்காரர், தெற்குக் கரைக்காரர் என்று இரண்டு குத்தகைதாரர்கள். ஜென்மப் பகை. ஆனால் தண்ணீர் ஏறாத மேடு அங்கே ஒன்றுதான், இரண்டு பேரின் உப்பும் அதன் மேல்தான் குவிய வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றால் ஒழிய ஒரு மூட்டைகூட நகரக் கூடாது என்று ஊர் கூடிப் பேசி வைத்திருந்தது. இரண்டு பக்கமும் சேராத கூலிக்காரர் எங்கப்பா. அவர்தான் அம்பாரத்தின் மேல் களிமண்ணும் சாம்பலும் குழைத்துப் பூசி, எழுத்து வெட்டிய மரப்பலகையால் அடிக்கொரு குறி குத்துவார். யாராவது ஏறினால், கை வைத்தால், குறி கலையும். தினம் காலையில் சுற்றிவந்து பார்ப்பது அவர் பொறுப்பு.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது, காலேஜ் விடுமுறை. தூறல் போட்டு விட்டிருந்த ஒரு காலையில் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். கிழக்குப் பக்கத்தில் ஒரு முழ அகலத்துக்குக் குறி அழிந்திருப்பதை அப்பா எனக்கு முன்னாலேயே பார்த்துவிட்டிருந்தார். பலகை கையிலேயே இருந்தது, பக்கத்துக் குழியில் களிமண் இருந்தது, சுற்றுவட்டாரத்தில் ஒரு ஆள் இல்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? பலகையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு வீட்டுக்கும் ஆள் அனுப்பினார். வந்தார்கள். இருபது பேர் இந்தப் பக்கம், இருபது பேர் அந்தப் பக்கம். "இங்க குறி அழிஞ்சிருக்குது, நீங்களே பாருங்க" என்று அப்பா கையை நீட்டிக் காட்டினார். அதற்கு மேல் அவரை யாரும் பேச விடவில்லை.

உப்பு இழுக்கும் பலகையால் ஒருவன் மண்டையில் போட்டான். அந்த மண்டை எந்தக் கரைக்காரனுடையது என்று இன்றுவரை ஊரில் சண்டை உண்டு. மண்வெட்டி ஒருவன் தோளில் இறங்கியது, பாதி அறுந்த கையோடு பாத்தித் தண்ணீரில் விழுந்து, உப்புத் தண்ணீர் பட்டதும் அவன் அலறிய அலறல் இருக்கிறதே, அதை எழுத எனக்கு வராது. பாத்தி சிவந்துபோனது. அப்பா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் ஓடினார். யாருக்கோ ஓங்கிய கடப்பாரை அவர் பிடரியில் விழுந்தது. குப்புற விழுந்தவரை மிதித்துக்கொண்டுதான் இரண்டு கட்சியும் சண்டை போட்டது. நான் தூக்குவாளியை வீசிவிட்டு உள்ளே போனதும் எவனோ என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டான். பெரிய ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு மூன்று நாள் மூச்சு இருந்தது, நினைவு வரவில்லை. போலீஸ் முன்னால் அம்பாரத்தைப் பிரித்து எடை போட்டார்கள். ஒரு படி உப்புகூடக் குறையவில்லை. ஆடு ஏதாவது ஏறியிருக்கும் என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

அம்மா அப்பாவுக்காக அழுதது கொஞ்சம், திட்டியது நிறைய. வருடக்கணக்காக ஒரே பேச்சு. "கையில பலகைய வச்சிக்கினு நின்னாரே, ஒரு குத்து குத்திட்டுப் போயிருக்கலாமில்ல இந்த மனுஷன்? எவன் பார்த்தான்?" அடுப்படியில் சொல்வாள், பஸ்ஸில் சொல்வாள், திவசத்தன்று படத்துக்கு முன்னால் நின்று சொல்வாள். நான் அதை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் சொல்வதுதான் சரி என்று எனக்கும் பட்டது. உடைந்த குறியை ஊருக்குக் காட்டினால் ரத்தம் விழும், யாரும் பார்க்குமுன் சரிசெய்துவிட வேண்டும். இந்தப் பாடம் எனக்கு மண்டையில் ஏறவில்லை, நேராகக் கையில் ஏறிவிட்டது.

அந்தக் கை பல வருடம் கழித்து வேலை செய்தது. பேட்டரி தீர்ந்து நின்றுபோயிருந்த கேமராவுக்குப் புதுசு மாற்ற நான் மட்டும் முன்னால் போயிருந்தேன். சீஃப் வாசலில் காவல் அதிகாரியோடு பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், முப்பது அடி இருக்கும். மூன்றாவது அறைக் கதவில் முத்திரை கோணிக்கொண்டு தொங்கியது. தள்ளுவண்டி ஏதோ இடித்திருக்க வேண்டும், கதவில் அதே உயரத்தில் பெயின்ட் உரிந்திருந்தது. கம்பியின் ஒரு முனை மூடியை விட்டு வெளியே வந்திருந்தது. பாத்தித் தண்ணீர் சிவந்தது ஞாபகம் வந்ததா என்று பிறகு விசாரணையில் கேட்டார்கள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. கை பையிலிருந்து பிளேயரை எடுத்தது, கம்பியை உள்ளே தள்ளியது, மூடியை ஒரு அழுத்து அழுத்தியது. இருபது வினாடிகூட ஆகவில்லை. சீஃப் வந்து நின்றபோது முத்திரை நேராக இருந்தது, நான் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு முறையும் சில முத்திரைகளை அறுத்தெடுத்துப் புதுசு போடுவது வழக்கம். பழசு தலைமை அலுவலகச் சோதனைக்கூடத்துக்குப் போகும். அன்றைக்கு சீஃப் மூன்றாவது கதவின் முத்திரையை அறுத்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைக் கொஞ்ச நேரம் விரலில் வைத்து உருட்டிப் பார்த்தார். உறையில் போட்டு ஒட்டினார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. எனக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. மடச்சி நான். தானாக உடைந்த முத்திரைக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். உடைத்துவிட்டு ஒட்டிவைத்த முத்திரைக்கு உலகம் முழுக்க ஒரே அர்த்தம்தான். உள்ளே போனவன் மறைத்திருக்கிறான்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள். தினமும் சீஃபோடு ஒரே மேஜையில் சாப்பிட்டேன். ஒவ்வொரு நாளும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன், சொல்லாமல் படுத்தேன். வேலை போய்விடும் என்ற பயம், அம்மாவுக்கு அனுப்பும் பணம் நின்றுவிடும் என்ற பயம், எல்லாவற்றுக்கும் மேலே சீஃப் முகத்தில் விழிக்க முடியாதே என்ற வெட்கம். அந்த நாட்களில் அவரும் வழக்கத்துக்கு விரோதமாக என்னிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தார். ஊரில் எப்படி, அம்மா எப்படி, எல்லாம் நன்றாக இருக்கிறதா என்பார். என் வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? எல்லாம் நன்றாக இருக்கிறது சார் என்றேன், ஒன்பது நாளும்.

ஒன்பதாம் நாள் சோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. அது எப்படியோ கசிந்து மாலைச் செய்திக்குள் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டது. யுரேனியத்தைத் திருடி மறைக்கிறார்கள், இனி பொறுக்க மாட்டோம் என்று அவர்கள் அறிவித்தார்கள். பீரங்கிகள் இன்னும் கிட்டே நகர்ந்தன. எல்லையோர ஊர்களில் சனங்கள் மூட்டை கட்டினார்கள். இந்தப் பக்கத்து ரேடியோ வேறு கதை சொன்னது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் தாங்களே முத்திரையை உடைத்துப் போர் மூட்டப் பார்க்கிறார்கள் என்றது. சொன்னதில் பாதி நிஜம் என்பது அந்த ஊரிலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் காலையில் எங்கள் விடுதியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஆயிரம் பேர் இருக்கும். காவலுக்கு நின்ற சிப்பாய்கள் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு மெதுவாக விலகி நடந்தார்கள். முதல் கல் சமையலறை ஜன்னலில் வந்தது, பிறகு கல்மழை. கதவைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். புகையில் எங்கள் ஆட்கள் பின்பக்கமாக இறங்கி ஓட, சீஃப் மட்டும் முன்வாசல் வழியாக வெளியே போனார், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. அப்படி விரித்துக்கொண்டு போகிற மனிதனை நான் ஏற்கெனவே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஓடினேன்.

அவரைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தெருவில் போட்டார்கள். விலாவில் உதைத்தார்கள். ஊன்றி எழுந்திருக்கப் பார்த்த கையின் மேல் ஒருவன் செங்கல்லைப் போட்டான், விரல்கள் அப்படியே மடங்கின. அப்போதுதான் அந்தக் குழாய் இறங்கியது. நான் கத்தினேன். "நான்தான்! நான்தான் பண்ணேன்! அவர விடுங்க!" எந்த மொழியில் கத்துகிறேன் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. தமிழ் தெரிந்த ஒரு ஜீவன் அங்கே இல்லை. ஒன்பது நாள் சொல்லியிருக்க வேண்டியதை, யாருக்கும் புரியாத இடத்தில், தொண்டை கிழியக் கத்தினேன். ஒரு கிழவி என்னை இழுத்து ஒரு கடைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

ராணுவம் வந்து கலைத்தபோது அவருக்கு மூச்சு இருந்தது. தாடையைக் கம்பி போட்டுக் கட்டினார்கள். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் அவர் கட்டில் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பிளேயர், மூன்றாவது கதவு, இருபது வினாடி, எங்கப்பா, அம்மாவின் பேச்சு, எதையும் விடவில்லை. அவர் மேற்கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் முடித்ததும் நல்ல கையால் பக்கத்திலிருந்த இரும்புத் தட்டை எடுத்து என் முகத்தில் வீசி அடித்தார். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அது எனக்குத் தகும். நான் துடைக்காமல் நின்றேன். அவர் இன்னும் ஏதாவது எறிவார் என்று பார்த்தேன். காகிதத்தை எறிந்தார். பேனாவை எறிந்தார். உட்கார்ந்து எழுதினேன், பெயர் போட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே அந்த நாட்டுப் போலீஸ் என்னைப் பிடித்துக்கொண்டது. எந்த நாடு காசு கொடுத்தது என்று கேட்டுப் பதினோரு நாள் ரப்பர் குழாயால் உள்ளங்காலில் அடித்தார்கள். உப்பளத்தைப் பற்றிச் சொன்னேன், சிரித்துவிட்டு மறுபடி அடித்தார்கள். வெளியே நடந்ததை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். என் வாக்குமூலத்தை இரண்டு அரசாங்கமும் நம்பவில்லை, ஆனால் மறுக்கவும் முடியவில்லை. கடைசியில் இரண்டு பக்கத்து அதிகாரிகளும் ஒரே அறையில் நிற்க, எங்கள் குழு ஒவ்வொரு பீப்பாயாகத் திறந்து எடை போட வேண்டும் என்று முடிவானது. நான்கு நாள் நடந்தது. கம்பி கட்டிய தாடையோடு, சக்கர நாற்காலியில், சீஃப் நான்கு நாளும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். இரண்டு நாட்டு அதிகாரிகளும் முதல் நாள் ஒருவர் மேல் ஒருவர் காறித் துப்பினார்களாம். கடைசி நாள் ஒரே தராசின் மேல் குனிந்து ஒரே எண்ணை இருவரும் எழுதினார்களாம். ஒரு கிராம்கூடக் குறையவில்லை. பீரங்கிகள் பின்னால் போயின.

என்னை நாட்டை விட்டு அனுப்பிய அன்று தலைமை அலுவலக அதிகாரி ஒருவர் சீஃபின் அறிக்கையை என் முன்னால் வைத்தார், படித்துக் கையெழுத்துப் போட. என் குற்றத்தை உள்ளது உள்ளபடி எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் தன் குற்றத்தை எழுதியிருந்தார். முத்திரையை அறுத்த நிமிடமே அதில் பதிந்திருந்தது யாருடைய பிளேயர் என்று தனக்குத் தெரிந்துவிட்டது, உடைந்த பல்லின் இடைவெளி அப்படியே விழுந்திருந்தது, ஒரு நாளுக்குள் மேலே தெரிவிக்க வேண்டும் என்பது விதி, தான் தெரிவிக்கவில்லை. காரணம் என்ற இடத்தைக் காலியாக விட்டிருந்தார். அந்த ஒரு பக்கத்தால் அவர் வேலையும் போனது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. தெரிந்துமா சும்மா இருந்தீர்? கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா! கேட்டிருந்தால் அந்த நிமிடமே காலில் விழுந்திருப்பேனே. விமானத்தில் முழு வழியும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். யாரைப் போலத் திட்டுகிறேன் என்பது மரக்காணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதுதான் உறைத்தது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்போ நான் சொன்னதைக் கேட்டுத்தான் செஞ்சியா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் அப்பாவைத் திட்டி நான் கேட்டதில்லை.

சென்ற மாதம் எடைமேடையில் இருக்கும்போது போனில் ஒரு மெயில் வந்தது. சீஃபின் மகள். அப்பா இறந்துவிட்டார், அவருடைய நோட்டில் உங்கள் பெயரும் முகவரியும் இருந்தன என்று எழுதியிருந்தாள். தாடை கோணியதற்கு மாடிப்படியில் விழுந்தேன் என்றே கடைசிவரை சொல்லி வந்தாராம், அவர்கள் யாரும் நம்பவில்லையாம். உங்களுக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டிருந்தாள். வெளியே மூன்று லாரி நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. நிற்கட்டும் என்று விட்டுவிட்டு, உங்கள் அப்பாவின் தாடை உடைந்ததற்குக் காரணம் நான் என்று தொடங்கி, ஒரே மூச்சில் முழுவதையும் எழுதி அப்போதே அனுப்பினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. என்னைத் திட்டியிருந்தாள், கடுமையாகத்தான். கடைசியில் சில வரிகள். அந்த நாட்களில் அப்பா தினமும் மாலையில் அம்மாவுக்கு போன் செய்வார், இங்கே ஒரு பெண் என்னிடம் ஏதோ சொல்ல நினைக்கிறாள், நானாகக் கேட்டால் அவளைத் திருடி என்று சொன்னதாகிவிடும், நல்ல பெண், நாளைக்கு அவளே வந்து சொல்லிவிடுவாள் என்பார், அது யார், என்ன விஷயம் என்று எங்களுக்கு இப்போதுதான் தெரிகிறது என்று எழுதியிருந்தாள். ஒன்பது நாளும் அதையேதான் சொன்னாராம்.